கடல்ல கோடு போடுறதுக்கு முன்னாடி கேட்டாங்களா?

"மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்" அப்படின்னதும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒரே படம்தான் மனசுல ஓடும். சாமியானா பந்தல், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில அதிகாரிங்க, ஓரத்துல போலீஸ் வேன். மைக் பிடிச்சவர் ரெண்டு நிமிஷம் தாண்டினா "சீக்கிரம் முடிங்க"ன்னு ஒரு குரல். முடிவு ஏற்கனவே எடுத்தாச்சு, இது வெறும் சடங்குதான்னு வந்தவங்களுக்கும் தெரியும், வரச் சொன்னவங்களுக்கும் தெரியும்.

எல்லா இடத்துலயும் இப்படித்தானா, இல்ல எங்கயாவது கேட்டதுக்கு அப்புறம் நிஜமாவே ஏதாவது மாறியிருக்கான்னு தேடிப் படிச்சதோட விளைவு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க :-)

கடலை எடுத்துக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. நிலத்துல ஒரு காட்டைச் சரணாலயம் ஆக்கினா, பட்டா வச்சிருக்கவன் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கலாம். கடல்ல பட்டா கிடையாது. தாத்தா காலத்துலேர்ந்து ஒரே பார்ல (கடலடிப் பாறைத் திட்டுக்கு நம்ம மீனவர்கள் சொல்ற பேரு) மீன் பிடிச்சிருந்தாலும் கையில காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அதனால கடல்ல "இங்க மீன் பிடிக்கக் கூடாது"ன்னு கோடு போடறப்போ, முன்னாடியே கேக்கறாங்களா இல்லையாங்கறது அவங்களுக்கு வாழ்வா சாவா கேள்வி.

இந்த விஷயத்துல உலகமே உதாரணம் காட்டுற இடம், ஆஸ்திரேலியாவோட வடகிழக்குக் கரையில இருக்கிற கிரேட் பேரியர் ரீஃப். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரை மொத்தமே 1,076 கிலோமீட்டர்னு கணக்கு, அதுல ரெண்டு மடங்குக்கு மேல. பூங்காவோட பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டு நிலப்பரப்பைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். உள்ள 2,900 பவளப் பாறைத் திட்டுகள்.

இந்தப் பூங்கா பிறந்ததே ஒரு ஆட்சேபணை மனுவுலேர்ந்துதான்னு சொல்லலாம். 1967ல குவீன்ஸ்லாந்துல எல்லிசன் ரீஃப்னு ஒரு பவளத்திட்டைத் தோண்டி, சுண்ணாம்பு எடுத்துக் கரும்பு வயலுக்கு உரமாப் போட அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. "அது செத்துப்போன பவளம், தோண்டினா ஒண்ணும் ஆகாது"ங்கறது வாதம். பிங்கில் பே-ங்கற ஊர்ல இருந்த ஜான் பஸ்ட்-ங்கற ஓவியர் இதைக் கவனிச்சு ஆட்சேபணை போட்டார். எட்டி ஹெகர்ல்-ங்கற மாணவர் ஒரு சின்னக் குழுவோட கடல்ல முங்கிப் பார்த்துட்டு வந்து, செத்துப் போகல, உயிரோடதான் இருக்குன்னு விசாரணையில சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடி. அதுக்கப்புறம் எண்ணெய்க் கிணறு தோண்டுற திட்டம் வந்தது. அதையும் எதிர்த்துப் பெரிய இயக்கம் நடந்தது. கவிஞர் ஜூடித் ரைட், தாவரவியல் அறிஞர் லென் வெப், நம்ம பஸ்ட், இவங்க மூணு பேரும் அதுல முன்னணி. கடைசியில 1975ல பூங்காவுக்கு ஒரு தனிச் சட்டமே வந்தது.

அந்தச் சட்டத்துல ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாப் பட்டது. கடலை மண்டலம் மண்டலமாப் பிரிக்கிற திட்டம் எதுவா இருந்தாலும் மக்கள்கிட்ட ரெண்டு தடவை கேட்கணும். முதல் தடவை, "நாங்க ஒரு திட்டம் தயாரிக்கப் போறோம், என்ன சொல்றீங்க?"ன்னு. ரெண்டாவது தடவை, வரைவு தயாரானதும் "இதுதான் எங்க வரைவு, இப்ப என்ன சொல்றீங்க?"ன்னு. ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது ஒரு மாசமாவது அவகாசம் கொடுக்கணும். வரைபடம் கையில இல்லாதப்போ ஒரு தடவை, இருக்கறப்போ ஒரு தடவை. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனா முழுக்கதையும் இதுலதான் இருக்கு.

1990கள் முடியறப்போ விஞ்ஞானிகளுக்கு ஒரு கவலை. இவ்வளவு பெரிய பூங்காவுல மீன் பிடிக்கவே கூடாதுன்னு இருந்த இடம் 5 சதவீதம்கூடக் கிடையாது. அதுலயும் பெரும்பகுதி பேர்பெற்ற பவளத்திட்டுகளைச் சுத்தித்தான். பூங்காங்கறது பவளம் மட்டுமா? மணல் தரை, கடல்புல் வெளி, சேறு, கடற்பஞ்சு கிடக்கிற பள்ளம், இதெல்லாம்தான் பாதிக்கு மேல. இதையெல்லாம் 70 வகை உயிர்ச்சூழல் பகுதியாப் பிரிச்சாங்க (பவளம் சார்ந்தது 30, மத்தது 40). ஒவ்வொரு வகையிலயும் குறைஞ்சது 20 சதவீதமாவது மீன்பிடி இல்லாத 'பச்சை மண்டலம்' ஆகணும்னு விஞ்ஞானிகள் குழு பரிந்துரை செஞ்சது.

பச்சைன்னா என்ன? படகுல போகலாம், நீந்தலாம், முங்கிப் பார்க்கலாம், ஆனா தூண்டில்கூடப் போடக் கூடாது. மஞ்சள் மண்டலம்னா ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள், அவ்வளவுதான். கருநீலத்துல மீன் பிடிக்கலாம், இழுவலை கூடாது. வெளிர்நீலம் எல்லாருக்கும் பொது. இளஞ்சிவப்புன்னா உள்ளயே நுழையக் கூடாது. ரோட்டுல சிக்னல் மாதிரி கடல்ல கலர்!

2002 மே மாசம் முதல் சுற்று ஆரம்பிச்சது. சட்டம் சொன்னது ஒரு மாசம், இவங்க கொடுத்தது மூணு மாசம். கரையோர ஊர் ஊராக் கூட்டம். கையில வச்சிருந்தது அந்த 70 பகுதிகளோட வரைபடம் மட்டும்தான். எதை மூடப் போறோம்னு எந்தக் கோடும் அதுல கிடையாது. "நீங்க எங்க மீன் பிடிக்கிறீங்க, எதைப் பாதுகாக்கணும்னு நினைக்கிறீங்க, எந்த இடம் போனா உங்க பொழப்பு போகும், சொல்லுங்க"ன்னு கேட்டாங்க.

நல்ல விஷயம்தானேன்னு தோணுதா? மீனவர் பக்கம் நின்னு பாருங்க. முதல் சந்தேகம்: "இவ்வளவு பெரிய அரசாங்கம் வரைபடம் இல்லாமயா வரும்? எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க." ரெண்டாவது இன்னும் ஆழமான பயம்: "நான் மீன் பிடிக்கிற இடத்தைக் காட்டினா, 'ஓ, இங்கதான் மீன் நிறைய இருக்கா'ன்னு அதையே மூடிட்டாங்கன்னா?" மீன் கிடைக்கிற பாரோட அடையாளத்தைச் சொந்த மச்சானுக்கே சொல்லத் தயங்குற தொழில் இது. அதைக் கொண்டுபோய் அரசாங்க பாரத்துல எழுதிக் கொடுன்னா யாருக்கு மனசு வரும்? சொன்னாலும் ஆபத்து, சொல்லாம விட்டாலும் ஆபத்து. சொல்லாத இடம் 'யாருக்கும் வேண்டாத இடம்'னு ஆகிடுமே.

இவ்வளவுக்கு அப்புறமும் முதல் சுற்றுல வந்த மனுக்கள் 10,190. அங்கே அதுவரைக்கும் எந்த மண்டலத் திட்டத்துக்கும் இப்படிக் குவிஞ்சதில்லை.

அடுத்தது 2003 ஜூன். இந்தத் தடவை கோடு போட்ட வரைவு வெளியே வந்தது. அதைப் பார்த்ததும்தான் கரையோர ஊர்கள்ல நிஜமான சூடு கிளம்பிச்சு. தொழில்முறை மீனவர்கள் ஒரு பக்கம், வாரக் கடைசியில சின்னப் படகை எடுத்துக்கிட்டுத் தூண்டில் போடப் போற சாதாரண ஜனங்க இன்னொரு பக்கம். தூண்டில் கடைக்காரர், ஐஸ் கம்பெனிக்காரர், படகு ரிப்பேர் பண்றவர், எல்லாருக்கும் கவலை. பக்கத்துல இருக்கிற திட்டை மூடினா பெரிய படகு இன்னும் தள்ளிப் போயிடும். சின்னப் படகுக்காரர் என்ன பண்ணுவார்? டீசலும் ஆகும், காத்தடிச்சா உயிருக்கும் ஆபத்து. ரெண்டு மாசத்துல வந்த மனுக்கள் சுமார் 21,500. ரெண்டு சுற்றும் சேர்த்து 31,000க்கு மேல!

இங்கதான் ஒரு முக்கியமான கேள்வி. 31,000 மனுவை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க? எண்ணிப் பார்த்து ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனைன்னு ஓட்டு மாதிரி முடிவு சொல்றதா? அதைப் பூங்கா ஆணையம் செய்யல. அச்சடிச்ச ஒரே வாசகத்துல கையெழுத்து மட்டும் போட்ட மனு ஆயிரக்கணக்குல வந்தது, ரெண்டு தரப்புலேர்ந்தும். அதே சமயம் "இந்தத் திட்டோட தெற்கு மூலையை விட்டுட்டா எங்க துறைமுகத்துப் படகுங்க காத்து நேரத்துல ஒதுங்கி நின்னு மீன் பிடிக்க முடியும், அதுக்குப் பதிலா வடக்கால இருக்கிற அதே மாதிரி திட்டை எடுத்துக்கோங்க" அப்படிங்கற ரகத்துலயும் மனு வரும் இல்லையா? அந்த மாதிரி ஒரே ஒரு மனுவுக்கு, ஆயிரம் அச்சடிச்ச மனுவைவிட அதிக வேலை இருக்கு. மனுக்களைப் பிரிச்சு, எந்த இடத்தைப் பத்திச் சொல்லியிருக்குன்னு வரைபடத்துல ஏத்தி, காரணத்தைப் பார்த்து எடை போட்டாங்க.

முடிவுல கோடுகள் நகர்ந்தன. வரைவுல இருந்த பல பச்சை மண்டலங்கள் இடம் மாறின, சிலது சுருங்கிச்சு, சிலது விரிஞ்சுது. வளைஞ்சு வளைஞ்சு போற எல்லையைக் கடல்ல நின்னுக்கிட்டு யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுங்கறதால, ஜிபிஎஸ்ல பார்த்ததும் புரியற மாதிரி அட்சரேகை தீர்க்கரேகையை ஒட்டின நேர்கோடுகளா எல்லை போட்டாங்க. ஆனா ஒவ்வொரு வகையிலயும் 20 சதவீதம்ங்கற அடிப்படை மட்டும் அசையல. எதைப் பேரம் பேசலாம், எதைப் பேச முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அது எனக்கு நேர்மையாப் பட்டது.

2003 டிசம்பர்ல நாடாளுமன்றத்துக்குப் போய், 2004 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. பச்சை மண்டலம் 33.4 சதவீதம், அதாவது 1,15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல. தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அன்னைக்கு உலகத்துலயே மீன்பிடி இல்லாத மண்டலங்களோட மிகப் பெரிய வலைப்பின்னல் அதுதான்.

எல்லாரும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போனாங்களா? இல்லவே இல்லை. தங்களோட இடத்தை நம்பிக் காட்டின மீனவர்கள்ல, அதே இடம் மூடப்பட்டதைப் பார்த்தவங்களும் இருந்தாங்க. அவங்களுக்கு இது துரோகம். இழப்பு ரொம்பச் சின்னதாத்தான் இருக்கும்னு அரசாங்கம் முதல்ல போட்ட கணக்கு சுத்தமாத் தப்பாப்போச்சு. லைசென்சைத் திரும்ப வாங்கிக்கறதுக்கு, தொழிலை மாத்திக்கறதுக்கு, கரையில இருக்கிற மீன் கம்பெனிக்குன்னு நிவாரணம் ஏறிக்கிட்டே போய் 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிடுச்சு. கோபம் அடங்காததால சட்டத்தையே மறு ஆய்வு பண்ண ஒரு குழு போட்டாங்க, 2006ல அறிக்கை வந்தது. முடிவெடுக்கிற முறை இன்னும் வெளிப்படையா இருக்கணும், சமூக பொருளாதாரப் பாதிப்பை முன்கூட்டியே ஒழுங்காப் பார்க்கணும்ங்கற திசையில மாற்றங்கள் வந்தன. ஒரு தடவை மண்டலம் போட்டா குறைஞ்சது 7 வருஷத்துக்குத் திருத்தக் கூடாதுன்னும் சட்டம் ஆச்சு. வருஷா வருஷம் கோடு நகர்ந்தா மனுஷன் படகுக் கடனை எந்த நம்பிக்கையில வாங்குவான்?

இன்னொரு குறையும் உண்டு. அந்தக் கடலோட ஆயிரக்கணக்கான வருஷ உறவு வச்சிருக்கிற பூர்வகுடிகள் சுமார் 70 குழுக்கள் இருக்காங்க. மனு எழுதிப் போடறதுங்கறது அவங்க பழக்கம் இல்லை. கடல் எங்களோடதுன்னு நினைக்கிறவங்ககிட்ட "பாரத்தைப் பூர்த்தி செய்து 3 மாசத்துக்குள்ள அனுப்பவும்"னா எப்படி இருக்கும்? அவங்களோட தனித்தனியா உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடறது பிறகுதான் ஆரம்பிச்சது. முதல் ஒப்பந்தம் 2005 டிசம்பர்ல கிர்ரிங்கன் மக்களோட. எத்தனை கடல்பசு, எத்தனை ஆமை, யார், எப்போ பிடிக்கலாம்ங்கறதை அவங்களே சேர்ந்து முடிவு பண்ற ஏற்பாடு அது.

சரி, மீன் பெருகிச்சா? பவளத்திட்டுல முக்கியமான வியாபார மீன் 'கோரல் ட்ரௌட்', நம்மூர் களவா மீனுக்குச் சொந்தக்காரன். மூடி ரெண்டு வருஷத்துக்குள்ளயே பச்சை மண்டலத் திட்டுகள்ல அதோட அடர்த்தி 31லேர்ந்து 75 சதவீதம் வரை கூடியிருந்ததா 2008ல வெளியான ஆய்வு சொல்லிச்சு. 2012ல வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். கெப்பல் தீவுகள் பக்கம் குஞ்சு மீன்களோட டிஎன்ஏவை எடுத்து யாரு பிள்ளைன்னு அப்பா அம்மாவைக் கண்டுபிடிச்சிருக்காங்க! அங்க பவளத்திட்டுகள்ல 28 சதவீதம்தான் பச்சை. ஆனா சுற்று வட்டாரத்துல வந்து சேர்ற குஞ்சுகள்ல கிட்டத்தட்டப் பாதி அந்தப் பச்சைப் பகுதியில பிறந்தது. அதாவது மூடின இடத்துல பொறிச்ச குஞ்சு திறந்த இடத்துக்கும் போகுது.

ஆனா 2015ல வந்த வேறொரு ஆய்வு, மொத்த மீன்பிடி அளவு குறைஞ்சது குறைஞ்சதுதான், இந்தக் குஞ்சுகளால அது ஏறி வரலன்னு சொல்லிச்சு. மறுப்பும் வந்தது. கடல்ல மீன் கூடறதும், மீனவன் கூடையில மீன் கூடறதும் ஒண்ணு இல்லைங்கறதை ஞாபகம் வச்சுக்கணும். போதாக்குறைக்கு 2016, 2017, 2020, 2022, 2024ன்னு கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததுக்கு எந்தப் பச்சைக் கோடும் தடுப்பா இருக்க முடியல.

31,000 மனுன்னதும் 'அடேங்கப்பா, இதுதான் ஜனநாயகம்'னு தோணும். எண்ணிக்கை பெருசா இருந்தா மட்டும் போதுமான்னா, அதுக்குப் பதில் இந்தியப் பெருங்கடல்ல, நம்ம மாலத்தீவுக்குத் தெற்கே இருக்கு. சாகோஸ் தீவுக் கூட்டம். 1965ல மொரீஷியஸ்லேர்ந்து பிரிட்டன் பிரிச்சு எடுத்துக்கிட்ட இடம். டியகோ கார்சியாவுல அமெரிக்க ராணுவ தளம் வரணும்ங்கறதுக்காக, 1968லேர்ந்து 1973க்குள்ள அங்க வாழ்ந்த ஜனங்க எல்லாரையும் வெளியேத்திட்டாங்க. மொரீஷியஸ்லயும் சீஷெல்ஸ்லயும் இறக்கி விடப்பட்டவங்க, ஊருக்குத் திரும்பணும்னு தலைமுறை தலைமுறையா வழக்கு நடத்துறாங்க.

2009 நவம்பர்ல அந்தக் கடல் முழுக்க மீன்பிடி இல்லாத காப்பகம் ஆக்கலாமான்னு பிரிட்டன் கருத்துக் கேட்டது. உலகம் பூரா இருந்து இரண்டரை லட்சம் பேர் பதில் போட்டாங்க. பெரும்பாலும் இணையக் கையெழுத்து, ஏகப்பட்ட ஆதரவு. 2010 ஏப்ரல் 1 அன்னைக்குக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. (தேதியைக் கவனிங்க!) அன்னைக்குக் கணக்குல உலகத்துலயே பெருசு.

அதே வருஷம் டிசம்பர்ல விக்கிலீக்ஸ் மூலமா ஒரு அமெரிக்கத் தூதரகக் குறிப்பு வெளியே வந்தது. காப்பகம் அறிவிச்சா அந்த ஜனங்க திரும்பி வர்றதுங்கற பேச்சு கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரின்னு பிரிட்டிஷ் அதிகாரி ஒருத்தர் அமெரிக்கர்கள்கிட்ட 2009 மே மாசமே சொல்லியிருந்ததா அதுல இருந்தது. கருத்துக் கேட்பு ஆரம்பிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடி! பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அது தவறான உள்நோக்கத்துக்கு ஆதாரமில்லைன்னுதான் தீர்ப்பு சொன்னாங்க, 2018ல உச்ச நீதிமன்றம் வரைக்கும். ஆனா 2015 மார்ச்ல சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் வேறொரு வழியா வந்து, மொரீஷியஸோட மீன்பிடி உரிமையை மதிக்காம, அவங்களோட ஒழுங்காக் கலந்து பேசாம இந்தக் காப்பகத்தை அறிவிச்சது கடல் சட்ட ஒப்பந்தத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு.

இரண்டரை லட்சம் பதில் வந்த கருத்துக் கேட்பு "ஒழுங்காக் கேட்கல"ன்னு தோத்துப் போச்சு. ஏன்னா கேட்க வேண்டிய ஆட்கள் வேற. பாஸ்டன்லயோ பெர்லின்லயோ உட்கார்ந்து ஒரு க்ளிக் பண்ணினவர் நல்ல மனசோடதான் பண்ணியிருப்பார். அவருக்கு அந்தக் கடல்ல இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

இப்ப நம்ம கடலுக்கு வருவோம். இவ்வளவும் படிச்சிட்டு மன்னார் வளைகுடாவை நினைக்காம இருக்க முடியல.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுகள், சுத்தியிருக்கிற கடலோட சேர்த்து 560 சதுர கிலோமீட்டர், 1986ல கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிக்கப்பட்டது. தேவை இருந்ததா? கண்டிப்பா இருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்து ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிடுச்சு. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனா 1972 வனவிலங்குச் சட்டம் காட்டை மனசுல வச்சு எழுதினது. எல்லையை அறிவிச்ச பிறகு, உரிமை இருக்கறவங்க குறிப்பிட்ட நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட எழுதிக் கொடுக்கணும், அவர் விசாரிப்பார். ஆரம்பத்துல சொன்னேனே, பட்டா இருக்கிறவனுக்கு அது சரி. தீவுக்குப் பக்கத்துல முங்கி, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டுப் பாறையிலேர்ந்து கடல்பாசி பறிக்கிற பெண்கள் எந்தக் காகிதத்தைக் கொண்டு போய்க் காட்டுவாங்க? கோடு போடறதுக்கு முன்னாடி மீனவர்கிட்ட கேட்கணும்னு அன்னைக்குச் சட்டத்துல ஒரு வரிகூடக் கிடையாது. கெடுபிடி பின்னால அதிகமானப்போ, அம்மா பறிச்ச அதே இடத்துல பாசி பறிச்ச பெண்கள் திடீர்னு 'அத்துமீறி நுழைஞ்சவங்க' ஆகிட்டாங்க.

சட்டம் அப்படியே நிக்கலங்கறதையும் சொல்லணும். 1991 திருத்தத்துல ஒரு வரி சேர்ந்தது. கடல் பகுதியைச் சரணாலயத்துலயோ தேசியப் பூங்காவுலயோ சேர்க்கறதா இருந்தா, உள்ளூர் மீனவர்களோட தொழில் நலனைப் பாதுகாக்கத் தேவையான ஏற்பாடு செஞ்ச பிறகுதான் எல்லை போடணும். 2002 திருத்தத்துல இன்னொரு படி ஏறி, 'காப்பகம்'னு ஒரு புது வகை வந்தது. அதை அறிவிக்கணும்னா உள்ளூர் ஜனங்களோட கலந்து பேசின பிறகுதான் அறிவிக்கணும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க.

2022 செப்டம்பர்ல பாக் நீரிணையில, தஞ்சாவூர் புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு அறிவிச்சதே, இந்தியாவோட முதல் கடல்பசுக் காப்பகம், அது இந்த வகையிலதான். கடல்பசுவை அந்தப் பக்கம் ஆவுளியான்னு சொல்வாங்க. நாட்டுல மிச்சம் இருக்கறது சுமார் 240ன்னு அரசு சொல்ற கணக்கு. வலையில மாட்டின ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்களுக்குப் பாராட்டும் பரிசும் கொடுத்திருக்காங்க. ஒரு வலையோட விலை என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். அந்த மிருகத்தைக் காப்பாத்தப் போறது ரோந்துப் படகு இல்லை, வலையை அறுக்கறவர்தான். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாம எந்தக் கோடு போட்டாலும் அது காகிதத்துல மட்டும்தான் இருக்கும்.

நம்மகிட்டயும் இதுக்குப் பழைய வழக்கம் இல்லாம இல்லை. விசைப்படகு போற நாள், நாட்டுப்படகு போற நாள்னு வாரத்தைப் பிரிச்சுக்கிட்டது, இந்த வலை நம்ம கடல்ல வேண்டாம்னு ஊர்ப் பஞ்சாயத்துல உட்கார்ந்து முடிவு பண்றது, இதெல்லாம் நடக்குது. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலத்துக்கும் விசைப்படகுகள் கரையில நிக்குது. கட்டுப்பாடுன்னாலே மீனவர் எதிரிங்கறது தப்பான எண்ணம். தன்னைக் கேட்காம வர்ற கட்டுப்பாடுதான் அவருக்குப் பிரச்சினை.

குவீன்ஸ்லாந்து மாதிரியே இங்கயும் செய்யுங்கன்னு நான் சொல்ல வரல. அங்க லைசென்சை வாங்கிக்க அரசாங்கத்துக்கிட்ட பணம் இருந்தது, இங்க ஒரு குப்பத்துல அதே கடலை நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கும். ஆனா மூணு விஷயத்தைக் காசில்லாமயே எடுத்துக்கலாம். வரைபடம் தயாராகறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்க. இழக்கப் போறவங்க யாரோ அவங்ககிட்ட, அவங்களுக்குப் பழகின முறையில கேளுங்க. கேட்ட பிறகு எந்தக் கோடு நகர்ந்தது, எது நகரல, ஏன் நகரலன்னு ஊர்ல வந்து சொல்லுங்க. மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம். நம்ம சாமியானா கூட்டங்கள்ல நான் பார்க்காததும் அதுதான். மைக்கில பேசினவருக்கு அப்புறம் யாரும் பதில் சொல்றதில்லை.

ராமநாதபுரம், தூத்துக்குடி, அதிராம்பட்டினம், மணமேல்குடி பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க ஊர்ல எப்படிக் கேட்டாங்க, கேட்டதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க.